ஆறு எழுத்தின் இடத்தில் மூன்று

நார்தம்பர்லாந்தில் இருபத்தெட்டு வீடுகள்,
ஒரு தேவாலயம், ஆட்டுப் பட்டிகள்,
விட்டு விட்டுத் தூறும் அக்டோபர்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.

நினைவுக்கல்லுக்கு ஒரு குழு இருந்தது.
குழுவிடம் ஒரு வாசகம் இருந்தது:
'பேட்டிலில் வீழ்ந்தோர்.'
எழுத்துக்கு நான்கு பென்னி என்று பேசி
உளி பிடித்தவன் ஐசக் டாட்.
ஒன்பது பெயரையும் வெட்டி முடித்துச்
சாரத்தைப் பிரித்த மாலை
தர்ஸா ஹெட்லி வந்து நின்றாள்,
கையில் பால் வாளியோடு.

'என் வில்ஃப் பேட்டிலைப் பார்த்ததே இல்லை.'

உண்மைதான்.
பீரங்கி, தூரத்து இடியாகக்கூடக் கேட்காத
ஏதோ ஒரு ரயில் நிலையத்தில்
கோவேறு கழுதைக்கு லாடம் கட்டும்போது
தாடையில் உதை வாங்கினான்.
மூன்று நாள் கிடந்தான்.
கடிதம் எழுதிய அதிகாரி நேர்மையான மனிதர்.
கழுதையின் பெயரைக்கூட எழுதியிருந்தார்:
டச்சஸ்.

பாதிரியார் தணிந்த குரலில்,
'இரண்டும் ஒன்றுதானே, மிஸஸ் ஹெட்லி' என்றார்.

'ஒன்றில்லை.
பேட்டிலுக்குத் தேதி இருக்கிறது.
ஒரு குன்றின் பெயரோ ஆற்றின் பெயரோ இருக்கிறது.
பொழுது சாய்ந்தால் யாராவது வந்து எண்ணுகிறார்கள்.
வார் அப்படியா?
அந்தக் கழுதை லாயமும் அதில் அடக்கம்.
சர்க்கரைக்கு நின்ற வரிசையும்,
நடுச்சாமத்தில் தனியாளாய் நான் இழுத்தெடுத்த
காலிடறிய கன்றும்.'

இதை எழுதும் எனக்கும் தகராறுதான்.
பேட்டிலைச் சமர் எனலாம்; அகராதி தலையாட்டும்.
ஆனால் சமர் என்றதும் யானை பிளிறுகிறது.
அங்கே நின்றதோ ஒரு கழுதை.
வார் என்று அப்படியே விட்டால்
அதற்குப் பூட்டிய தோல்வார் ஆகிவிடும்.
போர் என்றால் வைக்கோலும் கூட வரும்.
வரட்டும்.
ஒரு துரும்பை உருவிக் காட்டி
எந்தக் களத்தில் அடித்தது என்று கேட்டால்
போருக்குத் தெரியவா போகிறது?

அப்போது ஜாப்லிங் எழுந்தார்.
ஒரே காலையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர்.
'என் பையன்கள் பேட்டிலில்தான் விழுந்தார்கள்.
ஏழு நாற்பதுக்கு.
அதைக் கொண்டுபோய்
ஒரு கழுதையோடு ஏன் கரைக்க வேண்டும்?'

தர்ஸாவிடம் பதில் இல்லை.
வாளியைக் கீழே வைத்தாள்.
மழை பாலில் விழுந்துகொண்டிருந்தது,
யாரும் மூடவில்லை.

மறுநாள் விடியுமுன்
ஐசக் டாட்டின் கொட்டகைக் கதவை ஜாப்லிங் தட்டினார்.
தூங்கின முகம் இல்லை.
மரப்பலகைமேல் ஒரு ஷில்லிங்கை வைத்தார்:
மூன்று எழுத்துக்குக் கூலி.
'தேய்ப்பதற்கு எவ்வளவு?'

'தேய்ப்புக்கு நான் விலை வைத்ததில்லை' என்றான் டாட்.

ஏன் மனம் மாறினார்
என்று அவன் கேட்கவில்லை.
வெளியே போகையில் மட்டும் அவர்,
'ஏழு நாற்பது அவர்களுக்கு முடிந்துவிட்டது' என்றார்,
குதிரையிடம் சொல்வதுபோல.

தேய்க்க இரண்டு நாள் பிடித்தது.
ஆறெழுத்து அகலத்தில் ஒரு பள்ளம்,
அதில் தள்ளித் தள்ளி மூன்று எழுத்து,
கூட்டத்தில் அறிமுகமில்லாதவர்கள் நிற்பதுபோல.
டாட்டுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை.
அடிப்பீடச் சரிவில் தண்ணீர் தேங்கும் என்று
முன்பே சொல்லியிருந்தான்.
தேங்கியது.

ஒவ்வொரு நவம்பரிலும்
ஊர் கூடுமுன் தர்ஸா வந்து
ஏப்ரன் நுனியால் அந்தப் பள்ளத்தை ஒற்றி எடுப்பாள்.
ஜாப்லிங் குடை பிடிப்பார், எழுத்துக்கு மேலே,
தான் நனைந்தபடி.
இருவரும் பேசிக்கொள்வதில்லை.
அது கோபமா, பூசலா,
வேறு ஏதாவதா,
ஊரில் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.